என்னைத் தெரியுதோ அண்ணை?

மரண அறிவித்தலில் ஓர் எழுத்துப்பிழை வந்தால் வாசகர்கள் மன்னித்துவிடுவார்கள். படம் மாறினால் மன்னிக்கமாட்டார்கள். பத்திரிகை அலுவலகங்களில் காலத்தைக் கழித்த எவருக்கும் இது தெரியும்.

எழுபதுகளின் பிற்பகுதி. கொழும்பில் நான் பணியாற்றிய நாளேட்டில் அன்று எனக்கு இரவுக் கடமை. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் காலமாகிவிட்டார் என்ற செய்தி இரவு பத்து மணிக்குப் பின்னர் வந்து சேர்ந்தது. முதற்பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தியை இறக்கிவிட்டு இதை ஏற்றவேண்டும், படமும் வேண்டும். நூலகத்துக்கு ஓடி, புளொக்குகள் அடுக்கிய இழுப்பறையைத் திறந்து, அவருடைய பெயர் எழுதிய கடித உறையைத் தேடி எடுத்து, உள்ளே இருந்ததை அச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன். புளொக் என்றால் என்னவென்று இன்றைய இளம் பத்திரிகையாளர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். புகைப்படத்தைப் புள்ளி புள்ளியாகத் துத்தநாகத் தகட்டில் அரித்தெடுத்து, மரக்கட்டையில் அறைந்து வைத்திருப்பார்கள். அதில் முகம் இடம் வலம் மாறித் தெரியும். பழைய மை காய்ந்துபோயிருந்தால் அது முகமா, கரி பிடித்த சட்டியா என்று கூடச் சொல்லமுடியாது.

எங்கள் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த அண்ணையின் கடமை மாலை ஆறு மணிக்கே முடிந்திருந்தது. ஆனால் அவர் நேரத்துக்கு அறைக்குத் திரும்பும் மனிதரல்லர். அச்சுக்கூடத்தில் தேநீர்க் குவளையோடு நின்று அச்சுக்கோர்ப்பாளர்களுடன் ஊர்ப்புதினம் கதைத்துக்கொண்டிருப்பார். அன்றும் நின்றார். பக்கம் மேசையில் கிடந்தது. அவர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் படம் தலைகீழ்.

"தம்பி, ஆர் செத்தது எண்டு சொன்னனீர்?"

பெயரைச் சொன்னேன்.

"அப்ப இந்தாள் ஏன் இதில கிடக்கிறார்? இவர் தம்பியாரெல்லோ. போன கிழமையும் கோல்பேஸில கண்டனான்."

உறைகள் மாறியிருந்தன. தம்பியார் காலையில் எழுந்ததும் எங்கள் பத்திரிகையைத்தான் விரிப்பவர் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். என் வேலையையும், ஒருவேளை அந்தத் தம்பியாரின் இதயத்தையும் அண்ணை அன்று காப்பாற்றினார். இடம் வலம் மாறி, தலைகீழாகக் கிடந்த கறுப்புத் தகட்டில் ஆளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"முகத்தை ஆர் பாத்தது? காதைப் பாத்தனான். தமையனுக்குச் சோணை ஒட்டினது. இவருக்குத் தொங்கல்."

இந்தப் பதிலை நான் பல வருடங்களாக ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லி வந்தேன். அதற்குள் ஒரு மருத்துவ உண்மை இருந்தது என்பது மிகவும் பிந்தித்தான் எனக்கு விளங்கியது.

அண்ணை இன்று வெள்ளவத்தையில் தமது மகளுடன் வசிக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அல்செய்மர் என்று வைத்தியர்கள் சொல்லி ஏழு வருடங்களாகின்றன. தொடக்கத்தில் மகள் கண்ணைத்தான் சந்தேகித்தார். அதில் தவறில்லை. முதியவர் ஒருவர் ஆட்களை மாறிப் பார்க்கிறார் என்றால் கண்ணில் புரை இருக்கிறதா, அறையில் வெளிச்சம் போதுமா என்று முதலில் பார்ப்பதுதான் முறை. புரை இருந்தது, சத்திரசிகிச்சையும் நடந்தது. அதன் பின்னர் பத்திரிகைத் தலைப்புகளைக் கண்ணாடியின்றி வாசித்தார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை இறந்துபோன தமது மைத்துனர் என்றார்.

பெருந்தொற்றுக் காலத்தில் நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. 2022இல், எரிபொருள் வரிசைகள் நீண்டிருந்த நாட்களில், ரயிலில் போய் இறங்கி அவரைப் பார்க்கச் சென்றேன். அவர் கதிரையில் இருந்தார். என்னை நன்றாகப் பார்க்கட்டும் என்று முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, எதிரே குனிந்து நின்றேன்.

"நீங்கள் ஆர்?" என்றார்.

யாழ்ப்பாணத் தமிழில் வளர்ந்தவர்களுக்கே அந்த 'நீங்கள்' எங்கே குத்தும் என்பது தெரியும். நாற்பது வருடங்களுக்கு மேலாக அவர் என்னை 'நீர்' என்றுதான் அழைத்தவர். வாரும், இரும், தேத்தண்ணி குடிச்சீரோ. அந்த 'நீர்' என்பதில் ஓர் அண்ணனின் உரிமையும், ஒரு சக ஊழியனுக்குரிய மரியாதையும் சரிபாதியாக இருக்கும். 'நீங்கள்' என்பது வாசலில் நிற்கும் அந்நியருக்கு உரியது.

நான் அப்போது செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "என்னைத் தெரியுதோ அண்ணை?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. "வடிவாப் பாருங்கோ, ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். பத்திரிகையின் பெயரைத் துப்பாகக் கொடுத்தேன். புளொக் கதையைக் கொடுத்தேன். விடை வரும்வரை கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்பது எங்கள் தொழில் கற்றுத்தந்த பழக்கம். அமைச்சர்களிடம் அது பயன்பட்டிருக்கிறது. அவரோ மகளின் முகத்தைப் பார்த்தார். வகுப்பில் எழுப்பி விடப்பட்ட சிறுவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பது போல. நெற்றி வியர்த்தது. கடைசியில், "தெரியும், தெரியும், இருங்கோ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பொய் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். சற்று நேரத்தில் எழுந்து, வீட்டுக்குப் போகவேண்டும் என்று கதவடிக்குப் போய்விட்டார். அவர் இருந்தது வீட்டில்தான்.

அதன் பிறகு எட்டு மாதங்கள் நான் போகவில்லை. தெரியாத ஒருவரைப் போய்ப் பார்த்து அவருக்கு என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குக் கோபம். ஆயிரக்கணக்கான முகங்களை வைத்திருந்த மனிதர் என் முகத்தை மாத்திரம் எறிந்துவிட்டார் என்பது போன்ற, நியாயமற்ற கோபம். அந்த மாதங்களில்தான் இந்நோய் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

செப்டெம்பர் 21ஆம் திகதி உலக அல்செய்மர் தினம். அந்நாளுக்காக நானும் 'ஞாபகமறதி நோய்' என்று தலைப்பிட்டுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறேன். அந்தத் தலைப்பு பாதி உண்மைதான். மறதி என்றவுடன், தகவல் ஒன்று அழிந்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். ஒரு முகத்தை அறிவதோ ஒரே செயல் அன்று. பிரித்தானிய உளவியலாளர்களான விக்கி புரூஸ், அன்ட்ரூ யங் ஆகியோர் 1986இல் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் கண்ணும் மூக்கும் வாயும் சேர்ந்து ஒரு முகமாக உருவாகவேண்டும். பின்னர் அது பழகிய முகம் என்ற உணர்வு எழவேண்டும். அதன்பின் அவர் யார், என்ன செய்பவர் என்பது வரவேண்டும். பெயர் கடைசியில்தான் வரும். 'ஆளைத் தெரியுது, பேர்தான் வருகுதில்லை' என்று நம் வயதுக்காரர்கள் கல்யாண வீடுகளில் தடுமாறுவது அந்தக் கடைசிப் படியில். அது முதுமை, நோயன்று.

இந்தப் படிகள் மூளையின் ஒரே இடத்திலும் இல்லை. முகத்தைக் கண்டவுடன் குறிப்பாக விழித்தெழும் ஒரு பகுதி, மூளையின் அடிப்புறத்தில், பெரும்பாலும் வலப்பக்கத்தில் வலுவாக இருக்கிறது. நான்சி கன்விஷரும் அவருடைய சகாக்களும் 1997இல் இதனை விவரித்து, பியூசிஃபோம் முகப்பகுதி என்று பெயரிட்டார்கள். ஆனால் அது தனித்து வேலை செய்வதில்லை. மூளையின் பின்புறத்தில் இன்னொரு பகுதி முகத்தின் உறுப்புகளைக் கவனிக்கிறது. காதுக்கு மேலே உள்ளோடும் ஒரு பள்ளம் பார்வையின் திசையையும் உதட்டின் அசைவையும் வாசிக்கிறது. உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவும், நினைவுகளைக் கோர்க்கும் ஹிப்போகாம்பஸும் இவற்றுடன் இழைகளால் பிணைந்திருக்கின்றன. ஒரு பத்திரிகை அலுவலகத்தைப் போலத்தான். நிருபர், உதவி ஆசிரியர், நூலகம், அச்சுக்கூடம் எல்லாம் இருந்தும் இடையிலுள்ள தொலைபேசிக் கம்பி அறுந்தால் பத்திரிகை வராது.

2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் ரொட்ரிகோ கியான் கிரோகா குழுவினர் படங்களைக் காட்டினார்கள். ஒரு நோயாளியின் தனியொரு நரம்புக்கலம், நடிகை ஹாலே பெரியின் படங்களுக்கு விழித்தது. அவர் வேடமணிந்து முகம் மறைந்திருந்த படத்துக்கும் விழித்தது. வெறுமனே அவருடைய பெயரை எழுத்தில் காட்டியபோதும் விழித்தது. உருவமும் பெயரும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எங்கள் நூலகத்தின் கடித உறை போல. வெளியே பெயர், உள்ளே முகம்.

அந்த உறைகள் இருக்கும் இடம் ஹிப்போகாம்பஸும் அதன் அயலும். அல்செய்மர் நோயில் டௌ என்னும் புரதத்தின் சிக்கல்கள் முதலில் குடியேறுவதும் அந்த அயலில்தான். ஜெர்மனியைச் சேர்ந்த பிராக் தம்பதியர், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து இந்தப் பரவலின் கட்டங்களை 1991இல் வரிசைப்படுத்தினார்கள். எண்டோரைனல் புறணியின் ஓரத்தில் தொடங்கி, ஹிப்போகாம்பஸுக்குள் நுழைந்து, பின்னர் மூளையின் அடிப்புறத்தில், முகங்களுக்குரிய பகுதிகளை நோக்கி அது நகர்கிறது. முதலில் உறைகள் கலைகின்றன. பிற்பாடு புளொக்குகளே தேய்கின்றன.

இந்த இரண்டாவது விடயத்தைத்தான் நான் அறிந்திருக்கவில்லை. மொன்றியால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அல்செய்மர் நோயாளருக்கும் நோயற்ற முதியோருக்கும் முகப்படங்களை நேராகவும் தலைகீழாகவும் காட்டினார்கள். தலைகீழ் முகங்களில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. நேரான முகங்களில்தான் நோயாளர் பின்தங்கினார்கள்.

நேரான முகத்தை நாம் உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதில்லை. ஒரே வீச்சில் முழுமையாக அள்ளிக்கொள்கிறோம். தலைகீழாக்கினால் அந்த முழுமை குலைந்துவிடும். கண்ணைத் தனியே, மூக்கைத் தனியே பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். மற்றப் பொருட்களைவிட முகங்களையே தலைகீழ் நிலை அதிகம் பாதிக்கிறது என்பதை ரொபர்ட் யின் 1969இலேயே காட்டியிருந்தார். அல்செய்மர் கெடுப்பது, முழுமையாக அள்ளும் அந்த ஆற்றலை. நினைவைத் தேடும் முன்னரே, பார்வையிலேயே முகம் ஒன்றுசேர மறுக்கிறது.

அண்ணை அன்று அச்சுக்கூடத்தில் காதைப் பார்த்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைகீழ் முகத்தில் முகம் இல்லை, காதுதான் இருந்தது. இப்போது அவருக்கு எதிரே குனிந்து நிற்கும் ஒவ்வொரு முகமும் அந்தத் தகடு போலத்தான். நான் முகக்கவசத்தைக் கழற்றியதனால் அவருக்குக் கிடைத்தது என்ன? நரைத்த புருவங்கள், ஒரு மூக்கு, தாமதமின்றி விடை கேட்கும் ஒரு வாய்.

அக்காலப் பகுதியில் மகள் ஒருநாள் தொலைபேசியில் அழுதார். "அங்கிள், அப்பா என்னை மகள் இல்லை எண்டுறார். அவவைப் போல ஒருத்தி வந்து நிக்கிறாவாம். என்னைப் பாத்து, 'பிள்ளை, நீங்கள் ஆற்ற மகள்' எண்டு கேக்கிறார்."

இதற்கும் மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் கப்கிராஸ் 1923இல் விவரித்ததால் அது அவர் பெயரால் வழங்குகிறது. மறதி நோயாளர் சிலரிடமும் இது தோன்றுவதுண்டு. ஹேடின் எல்லிஸும் அன்ட்ரூ யங்கும் 1990இல் இதற்குத் தந்த விளக்கம் எனக்கு ஆறுதலளித்தது. முகத்தின் வடிவம் சரியாகவே போய்ச் சேர்கிறது. ஆனால் அதனோடு வழக்கமாக எழும் நெருக்க உணர்வு எழுவதில்லை. மகளின் முகம் இருக்கிறது, மகளைக் கண்ட சூடு இல்லை. ஆகவே இது வேறொருத்தி என்று மூளை முடிவு கட்டுகிறது. அவர் தமது மகளை நேசித்ததால்தான் அந்தச் சூடு இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நான் அவளுக்குச் சொன்னேன். இது விஞ்ஞானம் சொன்னதன்று, நான் சேர்த்துக்கொண்டது.

வழியைக் கண்டுபிடித்தது அந்தப் பெண்தான். சமையலறையில் நின்றபடி, அவர் கண்ணில் படாமல், "அப்பா, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டால், "வாறன் பிள்ளை, நீ சாப்பிட்டியோ?" என்று பதில் வருகிறது. எதிரே போய் நின்றால் மீண்டும் அந்நியம். குரலை அறியும் பாதை முகத்தை அறியும் பாதையிலிருந்து வேறானது. விபத்தொன்றில் மூளையில் அடிபட்டு, பெற்றோரைப் போலிகள் என்று நம்பிய ஓர் இளைஞர், தொலைபேசியில் அவர்களை உடனே ஏற்றுக்கொண்டதை ராமச்சந்திரனும் ஹேர்ஸ்டீனும் 1997இல் பதிவு செய்திருக்கிறார்கள். அதை வாசிக்காமலே இவள் அறிந்துகொண்டாள்.

இலங்கையில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கும்? 2003இல் வெளியான றாகம ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 700 பேரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு மறதி நோய் இருந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு இருந்தது அல்செய்மர். அன்றைக்கும் இன்றைக்கும் இடையே நாடு இன்னும் முதுமையடைந்திருக்கிறது. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, காணொளி அழைப்பில் "அம்மா, என்னைத் தெரியுதோ?" என்று கேட்கும் குரல்கள் நம் வீடுகளில் எத்தனை! கைத்தொலைபேசியின் சிறு திரையில், வெளிச்சம் பின்னால் விழுந்து கறுத்துத் தெரியும் ஒரு முகத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். 2023இலும் 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெகனெமாப், டொனனெமாப் ஆகிய மருந்துகள் ஆரம்பக் கட்டத்தில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. தேய்ந்த புளொக்கை அவை மீட்டுத் தருவதில்லை.

இந்நோயின் முதல் நோயாளியான அகுஸ்தே டீட்டர் 1901இல் பிராங்க்பேர்ட் மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51. கணவரின் பெயரைக் கேட்ட வைத்தியருக்கு அவர் தமது பெயரையே சொன்னார். அலோயிஸ் அல்செய்மர் எழுதிய குறிப்பில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. தினமும் வரும் அதே வைத்தியரை அப்பெண்மணி சில நாட்களில் கத்தி விரட்டுவாராம். சில நாட்களில் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக எண்ணி வரவேற்று, வேலை இன்னும் முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்பாராம். ஆளைத் தெரியாவிட்டாலும் வந்தவரை வரவேற்கத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில், அயோவா பல்கலைக்கழகத்தில் 2014இல் நடந்த ஆய்வொன்றில், அல்செய்மர் நோயாளருக்குச் சோகமான திரைப்படக் காட்சிகளையும் பின்னர் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். என்ன பார்த்தோம் என்பது விரைவிலேயே அவர்களுக்கு மறந்துவிட்டது. துயரம் மறையவில்லை, மகிழ்ச்சியும் மறையவில்லை. அப்படியானால், நான் விட்டுச்சென்ற அந்த வியர்வையும் வெட்கமும், நான் யார் என்பது தெரியாமலே அவரோடு அன்று மாலை முழுவதும் இருந்திருக்கும்.

எட்டு மாதங்களின் பின்னர் மீண்டும் போனேன். இப்போது சனிக்கிழமைகளில் போகிறேன். கேள்வி கேட்பதில்லை. படியில் ஏறும்போதே, உள்ளே நுழையுமுன், என் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் உரத்துச் சொல்லிவிடுகிறேன். அதிகமான நாட்களில் அதற்கு எந்தப் பதிலும் இருப்பதில்லை. பரவாயில்லை. அவருக்குப் பக்கத்துக் கதிரையில், அவர் பார்க்கும் திசையையே பார்த்தபடி இருந்து, அச்சுக்கூடக் கதைகளைச் சொல்லுகிறேன். சிலவற்றுக்குச் சிரிக்கிறார், சரியான இடத்தில் சிரிக்கிறார். பழைய பத்திரிகை ஒன்றைக் கொடுத்தால் பக்கத்தைப் புரட்டாமல் தாளைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

சென்ற சனிக்கிழமை மழை. படியில் நின்று குடையை மடக்கிக்கொண்டே வழக்கம்போலப் பெயரைச் சொன்னேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாரும் தம்பி. நனைஞ்சிட்டீரோ?"

குடையை வெளியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு எழும்ப முயன்று, பக்கத்துக் கதிரையைக் கையால் காட்டினார்.

"இருங்கோ," என்றார். "இப்ப ஒரு தம்பி வந்தவர். தேத்தண்ணி ஊத்தச் சொல்லவேணும், ரெண்டு பேருக்கும்."